தமிழ்நாடு–கேரள எல்லையில் நியாய விலை அரிசிக் கடத்தல்

தமிழ்நாடு–கேரள எல்லையில் நியாய விலை அரிசிக் கடத்தல் என்பது, தமிழ்நாட்டின் பொது வழங்கல் திட்டத்தின் கீழ் குடும்ப அட்டைதாரர்களுக்கு விலையின்றி வழங்கப்படும் அரிசி, இடைத்தரகர்களால் திரட்டப்பட்டு மாநில எல்லைக்கு அப்பால் விற்கப்படுவதைக் குறிக்கும். பேச்சு வழக்கில் இது ரேசன் அரிசிக் கடத்தல் எனப்படுகிறது. கேரளம் மட்டுமன்றி ஆந்திரப் பிரதேசம், கருநாடகம் ஆகிய மாநிலங்களின் எல்லைகளிலும் இது நிகழ்கிறது. எனினும் அரிசிப் பற்றாக்குறை மாநிலமான கேரளத்தை நோக்கிய கடத்தலே நீண்ட வரலாறு உடையது.

திண்டுக்கல் மாவட்டத்தின் சமவெளிப் பகுதி இக்கடத்தலில் எல்லைப் பகுதியாக அன்றி வழிச்சந்திப்பாக இடம்பெறுகிறது. கேரளத்துக்குச் செல்லும் இரு முதன்மையான சாலைகள் திண்டுக்கல் நகரிலிருந்து பிரிகின்றன. இயல்பான காலங்களில் உணவு மானியமாகவும், பேரிடர்க் காலங்களில் நிவாரணமாகவும் ஒரே அரிசி ஒரே கடை வழியாக வழங்கப்படுவதால், இக்கடத்தல் நிவாரண உதவி திசைதிருப்பப்படும் சிக்கலோடும் தொடர்புடையது.

பின்னணி

தமிழ்நாட்டின் பொது வழங்கல் திட்டம் அனைவருக்குமானது. 1997-இல் நடுவண் அரசு, வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளோர், மேல் உள்ளோர் எனப் பிரித்து வழங்கும் இலக்குசார் முறையை அறிமுகப்படுத்தியபோது, தமிழ்நாடு அப்பிரிவினையை ஏற்காமல் அரிசி பெற விரும்பும் எல்லாக் குடும்பங்களுக்கும் வழங்கும் முறையைத் தொடர்ந்தது. தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம், 2013 தமிழ்நாட்டில் 2016 நவம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்த பின்னரும் இம்முறை கைவிடப்படவில்லை.

நியாய விலைக் கடைகளில் அரிசியின் விலை படிப்படியாகக் குறைக்கப்பட்டது. 2006 சூனில் கிலோ 2 ரூபாயாகவும், 2008 செப்டம்பரில் 1 ரூபாயாகவும் ஆனது. 2011 சூன் முதல் அரிசி விலையின்றி வழங்கப்படுகிறது. அரிசி அட்டைக்கு மாதந்தோறும் ஒரு நபர் குடும்பமாயின் 12 கிலோவும், பெரிய குடும்பங்களுக்கு 20 கிலோ அளவிலும் வழங்குவது வழக்கம். 2016-க்குப் பின் முன்னுரிமைக் குடும்பங்களுக்கு ஆளுக்கு 5 கிலோ என்னும் கணக்கில் கூடுதல் அரிசியும், அந்தியோதயா அட்டைகளுக்கு 35 கிலோவும் வழங்கப்படுகின்றன.

கடையில் விலையில்லை என்பதால் அரிசிக்குச் செலவே இல்லை என்று பொருளன்று. நெல்லைக் கொள்முதல் செய்து, அரைத்து, கிடங்கில் வைத்து, கடை வரை கொண்டுசேர்க்க அரசுகளுக்கு ஒரு கிலோவுக்கு 35 ரூபாய்க்கு மேல் செலவாகிறது. தமிழ்நாடு அரசு 2023-24 நிதியாண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில் உணவு மானியத்துக்கு 10,500 கோடி ரூபாய் ஒதுக்கியது. அரசு செலவிடும் தொகைக்கும் அட்டைதாரர் கொடுக்கும் தொகைக்கும் உள்ள இந்த இடைவெளியே கடத்தலின் வருவாய் ஊற்றாகும்.

எல்லையின் மறுபுறம் கேரளத்தில் நெல் பயிரிடும் பரப்பு 1974-75-இல் ஏறத்தாழ 8.8 இலட்சம் எக்டேராக இருந்து, அண்மைக் காலத்தில் 2 இலட்சம் எக்டேர் அளவுக்குச் சுருங்கியுள்ளது. அம்மாநிலம் தன் அரிசித் தேவையின் பெரும்பகுதியைப் பிற மாநிலங்களிலிருந்து வாங்குகிறது. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் கேரளத்தில் ஏறத்தாழ 1.55 கோடிப் பேரே முன்னுரிமைப் பயனாளிகள். ஏனையோர் குறைந்த அளவு அரிசியை விலை கொடுத்தே நியாய விலைக் கடையில் பெற இயலும். எஞ்சிய தேவைக்கு வெளிச்சந்தையையே நாடவேண்டும்.

வரலாறு

பர்மா அரிசி நின்ற காலம்

இரண்டாம் உலகப் போருக்கு முன்னர் திருவிதாங்கூர், கொச்சி அரசுகள் பர்மா அரிசியைப் பெரிதும் நம்பியிருந்தன. 1942-இல் பர்மா சப்பானியர் வசமானபோது அவ்வரத்து நின்றது. இரு அரசுகளிலும் உணவுப் பங்கீடு நடைமுறைக்கு வந்தது. சென்னை மாகாணத்திலும் தானிய நடமாட்டம் கட்டுப்படுத்தப்பட்டது. மாகாண எல்லையைக் கடக்கும் அரிசி மூட்டை அரசின் கண்காணிப்புக்கு உட்பட்ட பொருளானது. சென்னை மாநிலத்தில் உணவுக் கட்டுப்பாட்டை முதலமைச்சர் இராசகோபாலாச்சாரி 1952-இல் நீக்கினார்.

உணவு மண்டலங்கள்

1957-இல் சென்னை, ஆந்திரம், மைசூர், கேரளம் ஆகிய நான்கு மாநிலங்களையும் கொண்ட தென்னக உணவு மண்டலம் உருவாக்கப்பட்டது. மண்டலத்துக்குள் அரிசி தடையின்றிச் சென்றுவந்தது. 1964-இல் ஒவ்வொரு மாநிலமும் தனி மண்டலமாக்கப்பட்டது. உபரி மாநிலங்களிலிருந்து தனியார் அரிசி கொண்டுசெல்வது தடை செய்யப்பட்டதால், கேரளத்தில் விலை உயர்ந்தது. அங்கு முறையான பங்கீட்டு முறை ஏற்படுத்தப்பட்டதும் இக்காலத்திலேயே ஆகும். இந்திய உணவுக் கழகம் 1965 சனவரியில் தஞ்சாவூரைத் தொடக்க இடமாகக் கொண்டு பணியைத் தொடங்கியது.

தடை நிலவிய காலத்தில் உழவர் தன் வயலில் விளைந்த நெல்லை எல்லை தாண்டி விற்றாலும் அது கடத்தலே. 1977-இல் அரிசிக்கான மண்டலத் தடைகள் நீக்கப்பட்டன. அதன் பின்னர் தமிழ்நாட்டு அரிசி கேரளத்துக்குச் செல்வது முறையான வணிகமாகும். இன்று குற்றமாகக் கருதப்படுவது அரிசி எல்லையைக் கடப்பது அன்று. பொது வழங்கல் அரிசி வணிகப் பொருளாக மாற்றப்படுவதே. ஆகவே அவ்வரிசியைத் திண்டுக்கல்லிலேயே பதுக்கினாலும், உள்ளூர் ஆலையில் அரைத்து விற்றாலும் குற்றமே ஆகும்.

திண்டுக்கல் சமவெளியின் இடம்

திண்டுக்கல் மாவட்டம் 1985-இல் மதுரை மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. கொடைக்கானல் மலைப்பகுதியில் இம்மாவட்டம் கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தை ஒட்டியுள்ளது. எனினும் அவ்வழியே சரக்கு வண்டிகள் செல்லத்தக்க சாலை இல்லை. பழைய கொடைக்கானல்–மூணார் சாலை 1990-இல் மூடப்பட்டுவிட்டது. எனவே சமவெளியிலிருந்து கேரளம் செல்லும் வண்டிகள் அண்டை மாவட்டங்கள் வழியாகவே செல்கின்றன.

- தென்மேற்கு வழி: திண்டுக்கல், வத்தலக்குண்டு, பெரியகுளம், தேனி ஆகிய ஊர்களைக் கடந்து போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி ஆகிய மலைவழிகளை அடைவது. இவை மூன்றும் இடுக்கி மாவட்டத்துக்குள் இட்டுச்செல்கின்றன.
- வடமேற்கு வழி: திண்டுக்கல், ஒட்டன்சத்திரம், பழனி, உடுமலைப்பேட்டை, பொள்ளாச்சி வழியாகப் பாலக்காடு மாவட்ட எல்லையை அடைவது. கோபாலபுரம், மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம் ஆகியன இப்பகுதியின் எல்லை ஊர்கள். கோயம்புத்தூரை அடுத்த வாளையார், வேலந்தாவளம் ஆகியவையும் இத்திசையில் உள்ளன.
- தொடர்வண்டி வழி: திண்டுக்கல்–பழனி–பொள்ளாச்சி–பாலக்காடு இருப்புப்பாதை. இது 2015-இல் முழுவதும் அகலப்பாதையானது.

வடக்கு தெற்காகச் செல்லும் தேசிய நெடுஞ்சாலை 44-உம் (முன்னர் 7) திண்டுக்கல்லைத் தொட்டே செல்கிறது. கரூர், மதுரை ஆகிய இரு திசைகளிலிருந்தும் வரும் சரக்கு இங்கு மேற்கு நோக்கித் திரும்ப இயலும். ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தையிலிருந்து நாள்தோறும் கேரளத்துக்குக் காய்கறி செல்கிறது. முறையான சரக்குப் போக்குவரத்து மிகுந்த சாலையில் ஒவ்வொரு வண்டியையும் இறக்கிச் சோதிப்பது இயலாத செயல். இதுவும் இவ்வழிகளின் கண்காணிப்பைக் கடினமாக்குகிறது.

சமவெளியின் பெரும்பகுதி கிணற்றுப் பாசனத்தையும் மழையையும் நம்பிய வறண்ட நிலமாகும். முல்லைப் பெரியாற்று நீர் பாயும் நிலக்கோட்டை வட்டப் பகுதிகள் போன்ற சில இடங்களிலேயே நெல் சிறப்பாக விளைகிறது. நூற்பாலை, தோல் பதனிடும் தொழில், பூட்டுத் தொழில், தோட்டக் கூலி ஆகியவற்றைச் சார்ந்த குடும்பங்களுக்கு நியாய விலைக் கடை அரிசி மாதச் செலவில் கணிசமான சேமிப்பைத் தருகிறது. கடத்தலால் கடையில் இருப்புக் குறையும்போது முதலில் பாதிக்கப்படுவோரும் இவர்களே.

கடத்தல் முறைகள்

அரிசி இரு கட்டங்களில் திசைதிருப்பப்படுகிறது.

கடைக்கு வருமுன் அல்லது கடையிலேயே: கிடங்கிலிருந்து கடைக்குச் செல்லும் வழியில் மூட்டைகள் இறக்கப்படுதல், எடைக் குறைவு, பொருள் வாங்காத அட்டைகளின் பேரில் போலிப் பதிவு செய்தல் ஆகியவை இதில் அடங்கும். இதில் அட்டைதாரருக்கு அரிசி கிடைப்பதே இல்லை.

கடையை விட்டு வந்த பின்: அட்டைதாரர் முறையாகப் பெற்ற அரிசியைத் தெருத்தெருவாக வரும் சேகரிப்பாளர் கிலோவுக்குச் சில ரூபாய் கொடுத்து வாங்குவார். பல வீடுகளில் திரட்டியது ஓரிடத்தில் குவிக்கப்பட்டு, அரசு முத்திரை இடப்பட்ட சாக்கிலிருந்து வேறு சாக்குகளுக்கு மாற்றப்படும். பின்னர் சிறு சரக்கு வண்டிகளிலோ சுமையுந்துகளிலோ (லாரி) ஏற்றப்படும். தொடர்வண்டிகளில் இருக்கைகளுக்கு அடியில் சிறு மூட்டைகளாக வைத்துக் கொண்டுசெல்வதும் உண்டு. சோதனையின்போது உரிமை கோருவார் இன்றி மூட்டைகள் கைப்பற்றப்படுவது இதனாலேயே.

இவ்வரிசி மூன்று வகைகளில் பணமாகிறது. ஆலைகளில் மீண்டும் தீட்டி வேறு பெயரில் பைகளில் அடைத்து விற்பது ஒன்று. இட்லி, தோசை மாவுக்கும் அரிசி மாவுக்கும் விற்பது மற்றொன்று. கோழி, கால்நடைத் தீவனமாக விற்பது மூன்றாவது. முதலிரு வகைகளில் உண்பவர் தாம் வாங்குவது பொது வழங்கல் அரிசி என்பதை அறியாமலேயே சந்தை விலை கொடுக்கிறார்.

அளவை உணர ஓர் எளிய கணக்கு உதவும். தமிழ்நாட்டில் ஏறத்தாழ 2.2 கோடி குடும்ப அட்டைகளும் 34,000-க்கு மேற்பட்ட கடைகளும் உள்ளன. சராசரியாக ஒரு கடைக்கு 600-ஐ ஒட்டிய அட்டைகள் வருகின்றன. அட்டைக்கு 20 கிலோ எனக் கொண்டால், 10 டன் ஏற்றிய ஒரு சுமையுந்து 500 குடும்பங்களின் ஒரு மாத அரிசியைச் சுமந்து செல்கிறது. அதாவது, ஏறக்குறைய ஒரு கடையின் ஒரு மாத வழங்கல்.

அட்டைதாரர் விற்பதற்கான காரணங்கள்

அட்டைதாரர் அரிசியை விற்பதற்குப் பல காரணங்கள் உள்ளன. அரிசியின் வாடை, குருணை, நிறம் ஆகியவை பற்றிய குறை முதன்மையானது. வருவாய் சற்று உயர்ந்த குடும்பங்கள் பொன்னி போன்ற சன்ன அரிசிக்கு மாறியிருந்தும் அரிசி அட்டையை வைத்துள்ளன. இத்தகையோர் தம் அட்டையைச் சர்க்கரை அட்டையாகவோ பொருளில்லா அட்டையாகவோ மாற்றிக்கொள்ள வழியுண்டு. ஆயினும் பின்னர் தேவைப்படும்போது உரிமை கிடைக்காது போகும் என்ற அச்சத்தால் பலர் மாற்றுவதில்லை.

வறிய குடும்பங்கள் விற்பதற்குக் காரணம் வேறு. மருந்து, காய்கறி, பள்ளிச் செலவு ஆகியவற்றுக்குக் கையில் பணம் இல்லாதபோது, அரிசியே உடனடியாக விலைபோகும் பொருளாக உள்ளது. அரசு 35 ரூபாய்க்கு மேல் செலவிட்ட ஒரு கிலோ அரிசி, அவர்களிடமிருந்து மிகக் குறைந்த விலைக்குக் கைமாறுகிறது. இப்பரிமாற்றத்தில் மிகக் குறைவாகப் பெறுபவர் அட்டைதாரரே.

பேரிடர்க் கால நிவாரணம்

கொரோனாத் தொற்றுப் பரவலின்போது நியாய விலைக் கடைகள் முதன்மை நிவாரண நிலையங்களாயின. 2020 ஏப்ரலில் தமிழ்நாடு அரசு அரிசி அட்டைதாரர்களுக்கு 1,000 ரூபாயும் விலையில்லா அரிசி, பருப்பு, சர்க்கரை, எண்ணெய் ஆகியனவும் இக்கடைகள் வழியாக வழங்கியது. 2021 மே, சூன் மாதங்களில் இரு தவணைகளாக 4,000 ரூபாயும், 14 மளிகைப் பொருட்கள் கொண்ட தொகுப்பும் வழங்கப்பட்டன. நடுவண் அரசு பிரதமரின் ஏழைகள் நல உணவுத் திட்டத்தின் கீழ் 2020 ஏப்ரல் முதல் 2022 திசம்பர் வரை, இடையில் சில மாதங்கள் நீங்கலாக, ஆளுக்கு 5 கிலோ தானியம் கூடுதலாக அளித்தது.

வேலை இழந்த குடும்பங்களைப் பட்டினியிலிருந்து காத்தது இவ்வழங்கலே. அதே வேளையில், வழக்கமான அளவுக்கு மேல் அரிசி வீடுகளைச் சென்றடைந்ததும் கையில் பணம் இன்மையும் ஒருங்கே நிகழ்ந்தன. சேகரிப்பாளருக்கு இது வாய்ப்பான சூழல் ஆகும்.

இதற்கு மாறான ஒரு நிகழ்வும் குறிப்பிடத்தக்கது. 2018 ஆகத்து மாதம் கேரளத்தில் பெருவெள்ளம் ஏற்பட்டபோது, தமிழ்நாடு அரசு 500 மெட்ரிக் டன் அரிசி, பால்மாவு உள்ளிட்ட நிவாரணப் பொருட்களை அறிவித்தது. தமிழ்நாட்டின் பல மாவட்டங்களிலிருந்து பொதுமக்களும் பொருட்களை அனுப்பினர். அரசுகளுக்கிடையே வெளிப்படையாக நிகழும்போது எல்லை தாண்டும் அரிசி நிவாரணம். மறைவாக நிகழும்போது அது வேறொரு குடும்பத்தின் பங்கைக் குறைப்பதாகும்.

சட்டங்களும் அமலாக்கமும்

- இன்றியமையாப் பண்டங்கள் சட்டம், 1955: கட்டுப்பாட்டு ஆணைகளை மீறுவோருக்கு மூன்று மாதம் முதல் ஏழு ஆண்டு வரை சிறைத்தண்டனை விதிக்க வழிசெய்கிறது. கைப்பற்றிய பொருளையும் வாகனத்தையும் பறிமுதல் செய்ய மாவட்ட ஆட்சியருக்கு அதிகாரம் உண்டு.
- கள்ளச்சந்தைத் தடுப்பு மற்றும் இன்றியமையாப் பண்டங்கள் வழங்கல் பராமரிப்புச் சட்டம், 1980: தொடர்ந்து ஈடுபடுவோரை ஆறு மாதம் வரை தடுப்புக் காவலில் வைக்க வழிசெய்கிறது.
- தமிழ்நாடு அட்டவணைப் பண்டங்கள் (அட்டை முறை வழங்கல் ஒழுங்குமுறை) ஆணை, 1982: குடும்ப அட்டைப் பொருட்களின் வழங்கலை ஒழுங்குபடுத்துகிறது.

அமலாக்கப் பணியைக் காவல்துறையின் குடிமைப்பொருள் வழங்கல் குற்றப் புலனாய்வுத் துறை மேற்கொள்கிறது. வருவாய்த்துறையில் மாவட்ட வழங்கல் அலுவலரும் வட்ட வழங்கல் அலுவலர்களும் கடைகளையும் கிடங்குகளையும் ஆய்வு செய்கின்றனர். கைப்பற்றிய அரிசி தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகக் கிடங்குகளில் ஒப்படைக்கப்படுகிறது. இக்கழகம் 1972-இல் தொடங்கப்பட்டது.

தொழில்நுட்ப நடவடிக்கைகள்

2017-இல் தாள் அட்டைகளுக்குப் பதிலாக மின்னணுக் குடும்ப அட்டைகள் வழங்கப்பட்டன. பொருள் வாங்கியதும் அட்டைதாரரின் கைப்பேசிக்குக் குறுஞ்செய்தி செல்லும் முறை ஏற்பட்டதால், வாங்காத பொருளுக்குப் பதிவு செய்தால் உடனே தெரியவரும். 2020 அக்டோபர் முதல் கைரேகைச் சரிபார்ப்பு நடைமுறைக்கு வந்தது. கைரேகை பதியாத முதியோர், கூலித் தொழிலாளர் ஆகியோர் இடர்ப்பட்டதால் கருவிழிச் சரிபார்ப்பும் சேர்க்கப்பட்டது.

இக்கருவிகள் கடத்தலின் முதற் கட்டத்தையே, அதாவது கடையில் நிகழும் போலிப் பதிவையே தடுக்கவல்லன. அட்டைதாரர் தாமே கைரேகை வைத்துப் பெற்று விற்கும் அரிசியை இவை அறியா. கணினிப் பதிவேட்டில் அவ்வரிசி சரியான பயனாளியைச் சென்றடைந்ததாகவே இருக்கும்.

செறிவூட்டப்பட்ட அரிசியின் வருகையும் ஒரு புதிய சிக்கலைத் தோற்றுவித்தது. இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், உயிர்ச்சத்து பி12 சேர்த்த அரிசிமணிகள் 100-க்கு 1 என்ற விகிதத்தில் சாதாரண அரிசியுடன் கலக்கப்படுகின்றன. நிறத்திலும் மிதப்பதிலும் வேறுபட்ட இம்மணிகளைப் பிளாஸ்டிக் அரிசி எனத் தவறாக எண்ணிச் சிலர் அரிசியைத் தவிர்த்தனர்.

திறனாய்வு

கைப்பற்றப்பட்ட அரிசியின் அளவைக் கொண்டு கடத்தலின் அளவைக் கணிப்பது பிழையாகும். சோதனை கூடினாலும் கைப்பற்றும் அளவு கூடும். கடத்தல் கூடினாலும் கூடும். கைது செய்யப்படுவோரில் ஓட்டுநர்களும் சுமை தூக்குவோருமே மிகுதி என்பதும், முதலிடுவோரும் அரைவை ஆலையினரும் எளிதில் சிக்குவதில்லை என்பதும் நெடுநாளையக் குறைகூறல் ஆகும்.

கடத்தலைக் காரணம் காட்டி, அனைவருக்குமான வழங்கலைக் கைவிட்டு ஏழைகளுக்கு மட்டும் வழங்கவேண்டும் என்று ஒரு சாரார் கூறுகின்றனர். பொருளியலாளர்கள் சான் திரேசு, இரீத்திகா கேரா ஆகியோர் தேசிய மாதிரி ஆய்வுத் தரவுகளைக் கொண்டு செய்த ஆய்வு இக்கருத்துக்கு மாறான சான்றைத் தருகிறது. 2011-12-இல் பொது வழங்கல் தானியத்தில் வீடுகளைச் சென்றடையாத பங்கு இந்திய அளவில் ஏறத்தாழ 42 விழுக்காடாக இருக்க, அனைவருக்கும் வழங்கிய தமிழ்நாட்டில் அது சுமார் 12 விழுக்காடாகவே இருந்தது. ஊரில் எல்லோரும் வரிசையில் நிற்கும் கடையில் குறை நேர்ந்தால் கேட்பவர் பலர் என்பது இதற்குக் கூறப்படும் விளக்கங்களுள் ஒன்று. ஆனால் வீட்டை அடைந்தபின் விற்கப்படும் அரிசி இவ்வகைக் கணக்கீட்டில் முழுமையாக வெளிப்படுவதில்லை என்பதையும் கருத்திற் கொள்ளவேண்டும்.

தரமான அரிசி வழங்குதல், அரிசி வேண்டாதோர் உரிமையை இழக்காமல் பருப்பு, சிறுதானியம் போன்ற மாற்றுப் பொருள் பெற வழிசெய்தல், ஆலைகளின் கொள்முதல் கணக்கை ஆய்வு செய்தல் ஆகியன மாற்று வழிகளாக முன்வைக்கப்படுகின்றன. எல்லைச் சோதனை கடத்தலின் கடைசிக் கட்டத்தை மட்டுமே தொடுகிறது. விலை இடைவெளியும் வாங்குபவரும் இருக்கும்வரை ஒரு வழி அடைபட்டால் மற்றொரு வழி திறக்கும்.

பிற நாடுகளில்

உணவு உதவி திசைதிருப்பப்படுவது பல நாடுகளில் நிகழ்ந்துள்ளது. 2023-இல் எத்தியோப்பியாவில் உணவு உதவி பெருமளவில் சந்தைக்குத் திருப்பப்பட்டது கண்டறியப்பட்டதும், ஐக்கிய அமெரிக்காவும் ஐக்கிய நாடுகள் அவையின் உலக உணவுத் திட்டமும் முதலில் திக்ரே பகுதியிலும், சூன் மாதத்தில் நாடு முழுவதிலும் வழங்கலை நிறுத்தின. பல மாதங்கள் கழித்து, புதிய சரிபார்ப்பு முறைகளுடன் வழங்கல் மீண்டும் தொடங்கியது. இடைப்பட்ட காலத்தில் இலட்சக்கணக்கானோர் உணவின்றித் தவித்தனர். திசைதிருப்பலைத் தடுக்க வழங்கலையே நிறுத்தினால் அதன் சுமை பசித்தோர் மீதே விழும் என்பதற்கு இது சான்றாகக் காட்டப்படுகிறது.

இவற்றையும் பார்க்கவும்

- பொது வழங்கல் திட்டம்
- நியாய விலைக் கடை
- தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம்
- தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம், 2013
- இந்திய உணவுக் கழகம்
- திண்டுக்கல் மாவட்டம்